முன்னால் நிற்கும் பெட்டி

காங்கேயத்தில் ஒரு குருவும் ஒரு சீடரும் இருந்தார்கள். குருவுக்கு வயது முப்பத்தைந்து. சீடருக்குப் பேரன் பிறந்தாகிவிட்டது. ஊர் இதைப் பார்த்துச் சிரிக்க வேண்டிய மட்டும் சிரித்து முடித்துவிட்டது, அதனால் நாம் மேலே போகலாம்.

குருவின் பெயர் ஜுலைகா. கிரைண்டர் கடைக்கு மேல் மாடியில் உட்கார்ந்து ஆலைகளுக்குக் கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதுகிறவர். சீடர் கிட்டுசாமி. அரிசி ஆலைகளில் மோட்டாருக்கு ஒயர் இழுத்தே காலம் தள்ளியவர். சுவிட்சுப் பலகை இருந்த இடத்திலெல்லாம் கம்ப்யூட்டர் வந்து உட்கார்ந்தபோது மனிதர் வீட்டில் முடங்கிவிடவில்லை. நேராக மாடியேறி வந்து, "அம்மிணி, இந்த வித்தைய எனக்கும் சொல்லிக்குடுங்க" என்று நின்றார். ஜுலைகாவும் சொல்லிக்கொடுத்தார். கிட்டுசாமி கற்பூரம் மாதிரி பிடித்துக்கொண்டார். இப்போது சுற்றுப்பட்டு ஆலைகள் பலவற்றில் ஓடுவது அவர் எழுதிய புரோகிராம்தான். ஒரே ஒரு குறை. பேச ஆரம்பித்தால் அடுத்தவரை வாய் திறக்க விடமாட்டார்.

அன்று நாலு மணி வாக்கில் அவர் படியேறி வந்த வேகத்தில் செருப்பைக் கழற்றக்கூட மறந்துவிட்டார். தோளில் லேப்டாப் பை. கையிடுக்கில் ஒரு மரப்பலகை. பலகை மேல் சின்ன மோட்டார், இரண்டு உருளை, உருளைகளைச் சுற்றி ஒரு பெல்ட். ஆலையில் ஓட்டுவதற்கு முன்னால் எதையும் இந்தப் பலகையில்தான் ஓட்டிப் பார்ப்பார். அவரே செய்தது.

"அம்மிணி, ஒரே ஒரு கேள்விங்க. ஷார்ட்கட் கீ சரியா இருக்குது. ஆனா அழுத்துனா வேலை நடக்கலைங்கறாங்க. அப்பத் தப்பு கீ மேலயா, கை மேலயா?"

"உக்காருங்ணா."

"உக்கார நேரமில்லீங்க. அஞ்சரை மணிக்குச் சென்னியப்பன் ஆலையில விசாரணை. நீங்க ஒரு வார்த்தை சொல்லீட்டீங்கன்னா நான் பாட்டுக்குப் போயிருவேன்."

விசாரணைக்குக் காரணம் இது. சென்னியப்பனின் அரிசி ஆலையில் நெல்லை ஒரு குழியில் கொட்டுவார்கள். குழிக்கு அடியில் ஓடும் பெல்ட் அதை உள்ளே கொண்டுபோகும். முந்தாநாள் சாயங்காலம் மாரப்பன் என்கிற லோடுமேன், பெல்ட் வாயில் அடைத்த வைக்கோலை இழுத்துவிட்டுக்கொண்டிருந்தார். தோளில் கிடந்த துண்டு பெல்ட்டில் சிக்கியது. துண்டோடு கையும் போனது. சுவரில் சிவப்புச் சுவிட்சு இருக்கிறது, ஆனால் அவருக்கு எட்டவில்லை.

மேலே கண்ணாடி அறையில் கம்ப்யூட்டர் முன்னால் இருந்தவர் சம்பூர்ணம். அங்கிருந்து குழி நன்றாகத் தெரியும். எஃப் 12 கீயை ஒரு தட்டுத் தட்டினால் ஆலை மொத்தமாக நின்றுவிட வேண்டும். கிட்டுசாமி எழுதிய புரோகிராம் அப்படித்தான்.

மாரப்பன் அலறினார். முற்றத்தில் இருந்த அத்தனை பேருக்கும் கேட்டது. பெல்ட் ஓடிக்கொண்டே இருந்தது. வெகு தாமதமாகத்தான் எஃப் 12-க்கு நின்றது. கை இரண்டு இடத்தில் முறிந்துவிட்டது. கையே போயிருக்க வேண்டியது என்று டாக்டர் சொன்னாராம்.

கத்திய உடனே அழுத்தினேன் என்கிறார் சம்பூர்ணம். செல்போனை நோண்டிக்கொண்டு இருந்திருப்பாள் என்கிறது ஆலை. கிட்டுசாமி இன்றைக்கு வந்து "என்ற புரோகிராம் சரி" என்று சொல்லிவிட்டால் சம்பூர்ணத்தின் வேலை போய்விடும். வேலை மட்டுமா? போலீசுக்குக் கொடுக்கும் புகாரில் அவர் பெயர் ஏறிவிடும். ஒரு ஆளின் கையை முறித்தவள் என்று ஊரில் வேறு எந்த ஆலையும் உள்ளே விடாது.

ஜுலைகா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார்.

"சரின்னா சரின்னு போய்ச் சொல்லுங்க. என்னை எதுக்குக் கேக்கறீங்க?"

"நீங்களும் ஒரு வார்த்தை சரின்னு சொல்லீட்டா எனக்குத் தைரியமா இருக்குமல்லங்க."

பலகையை மேஜை மேல் வைத்தார். ஒயரை லேப்டாப்பில் செருகினார். பெல்ட் கடகடவென்று ஓடியது. எஃப் 12. நின்றது. மறுபடி ஓட்டினார். எஃப் 12. நின்றது.

"பாத்தீங்களா? இப்ப ரிப்போர்ட் பக்கத்துல இருக்கேன். எழுதிட்டே இருக்கேன். எஃப் 12. நிக்குது. மெனுவைத் திறந்து வெச்சிருக்கேன். எஃப் 12. நிக்குது. மௌஸ் எந்த மூலையில கிடந்தாலும் நிக்கும். நீங்க சொல்லிக்குடுத்த மாதிரியே எழுதியிருக்கறேன். இதுக்கு மேல ஒரு மனுசன் என்ன பண்றது, சொல்லுங்க?"

"அந்தம்மா என்ன சொல்றாங்க?"

"அழுத்துனேன், அழுத்துனேன்னு அதையேதான் சொல்லுது."

"அவ்வளவுதானா?"

"வேறென்னமோ இழுத்துச்சு. பேரு கேட்டுச்சு, அது இதுன்னு. நான் போன்லயே கண்டிசனாச் சொல்லிப்போட்டேன். பேரெல்லாம் இருக்கட்டும்மா, நீ எஃப் 12 அழுத்துனயா, எப்ப அழுத்துன, அதை மட்டும் சொல்லுன்னு. வாயே திறக்கலை. தப்பில்லாதவ எதுக்குங்க வாய மூடோணும்?"

ஜுலைகா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"மணி என்ன இருக்கும் அப்போ?"

"ஆறு. ஷிப்ட் மாறுற நேரம். அடுத்த ஆளு இன்னும் வந்து சேரலை."

ஜுலைகா லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். எதையோ தட்டினார். திரை மூலையில் இருந்த கடிகாரத்தை ஆறு மணிக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்துவிட்டு லேப்டாப்பைத் திரும்பத் தள்ளினார். கிட்டுசாமி எங்கே கவனித்தார்! அவர் பாட்டுக்குப் பேசிக்கொண்டிருந்தார். இத்தனை ஆலையில் இத்தனை காலமாக ஓடுகிறது என்றார். ஒரு புகார் உண்டா என்றார். பொம்பளைப் பிள்ளையை அந்த நாற்காலியில் உட்காரவைக்க வேண்டாமென்று முதலாளியிடம் அன்றைக்கே சொன்னேன் என்றும் சொல்லிவிட்டார். சொன்ன பிறகுதான் எதிரில் இருப்பது யார் என்று உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டார்.

ஜுலைகா கோபப்படவில்லை. நாற்காலியைப் பலகைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். மேஜை மேல் கிடந்த கத்தரிக்கோலை இடது கையில் எடுத்துக்கொண்டார்.

"ஓட்டுங்ணா."

"மறுபடியுமா? அதான் பாத்தீங்களே."

"ஓட்டுங்க."

பெல்ட் ஓடியது. ஜுலைகா கழுத்தைச் சுற்றிக் கிடந்த துப்பட்டாவின் ஒரு முனையை எடுத்தார். ஓடுகிற பெல்ட்டுக்கும் உருளைக்கும் நடுவில் கொடுத்தார்.

"அம்மிணி! அய்யோ, என்ன பண்றீங்க!"

"சரின்னு சொன்னீங்கல்ல? நிறுத்துங்க."

கிட்டுசாமி எஃப் 12 மேல் விரலைப் போட்டார். பெல்ட் நிற்கவில்லை.

மறுபடி அழுத்தினார். நிற்கவில்லை. திரையைப் பார்த்தார். நட்டநடுவில் ஒரு பெட்டி வந்து நின்றிருந்தது. 'ஷிப்ட் முடிந்தது. அடுத்து வருபவர் பெயரைப் பதியவும்.'

துப்பட்டா உருளையைச் சுற்றி ஏறியது. ஜுலைகாவின் தலை மெல்லப் பலகைப் பக்கம் சாய்ந்தது.

"நிறுத்துங்ணா."

சத்தம் போடாமல்தான் சொன்னார். கிட்டுசாமி தட்டிக்கொண்டே இருந்தார். எஃப் 12, எஃப் 12, எஃப் 12. பெட்டி அசையவில்லை. என்டரைத் தட்டினார். முதல் பெட்டிக்கு மேல் இன்னொரு பெட்டி வந்தது. 'பெயர் காலியாக இருக்கக் கூடாது.' கீழே 'சரி' என்று ஒரு பட்டன். சரியாவது மண்ணாவது! அதைத் தட்டினார். முதல் பெட்டி மறுபடி வந்தது. அடுத்து வருபவர் பெயர்?

காலம் முழுவதும் ஒயரோடு வாழ்ந்த மனிதர். மோட்டார் ஒயரைப் பிடுங்கி எறிந்திருந்தால் முடிந்தது கதை. ஒயர் அவர் முழங்கைக்குப் பக்கத்திலேயே கிடந்தது. கண்ணை மட்டும் திரையிலிருந்து எடுக்க முடியவில்லை. அது கேள்வி கேட்டுக்கொண்டு நின்றது, இவர் பதில் சொல்லிக்கொண்டு நின்றார். விரல்கள் பாட்டுக்கு அவருடைய பெயரையே அடித்தன. என்டர். பெட்டி போனது. எஃப் 12.

பெல்ட் நின்றது. அதற்கு முன்னால் கத்தரிக்கோல் வேலையை முடித்திருந்தது. துப்பட்டாவில் பாதி உருளையில் சுருண்டு கிடந்தது. மீதி ஜுலைகாவின் கழுத்தில் இருந்தது. கழுத்தோரம் ஒரு சிவந்த கோடு.

கிட்டுசாமிக்கு மூச்சு வாங்கியது. பயமா கோபமா என்று அவருக்கே தெரியவில்லை.

"என்ன வேலை பண்ணுனீங்க! கழுத்தை இறுக்கியிருந்தா என்னாகறது? என்ன கெரகம் புடிச்ச வேலை இது!"

"நீங்க சரின்னு சொன்னீங்க. நம்பிக் குடுத்தேன்."

கிட்டுசாமி தொப்பென்று உட்கார்ந்தார். கண் கலங்கிவிட்டது. துடைத்துக்கொள்ளவும் இல்லை.

"அந்தப் பெட்டி..." என்றார்.

"ஆமா."

"முன்னால ஒரு பெட்டி நின்னா எல்லாக் கீயும் அதுக்குத்தான் போகும். பின்னால இருக்கறதுக்கு ஒண்ணும் கேக்காது. மொதல் மாசமே சொல்லிக்குடுத்தீங்க."

"சொல்லிக்குடுத்தேன்."

"எனக்குத் தெரியும் அம்மிணி. நல்லாத் தெரியும். தெரிஞ்சேதான் எழுதியிருக்கறேன்."

"எதுக்கு எழுதுனீங்க?"

"ஷிப்டுக்கு வர்ற ஆளு பேரு போட மாட்டீங்கறான்னு மொதலாளி சத்தம் போட்டாரு. பேரு போடாம ஒருத்தனும் தப்பிக்க முடியாத மாதிரி பண்ணித் தர்றேன்னு நாந்தான் சொன்னேன். பண்ணிக்குடுத்தப்ப முதுகுல தட்டிக்குடுத்தாரு."

ஜுலைகா மிச்சத் துப்பட்டாவைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டார். கீழே கடையில் யாரோ கிரைண்டர் ஓட்டிக் காட்டிக்கொண்டிருந்தார்கள். அந்தச் சத்தமே இப்போது கிட்டுசாமிக்கு ஆகவில்லை.

"இப்ப நான் அங்க போயி என்னங்க சொல்றது?"

"என்ன சொல்லணும்னு தோணுது?"

"உள்ளதச் சொன்னா அந்த ஆலை போச்சு. ஒரு ஆலை போனா மத்த ஆலையும் போச்சு. இந்த வயசுல மறுபடி ஸ்குரூ டிரைவரைத் தூக்கிட்டு எவன் வீட்டுப் படியேறுவேன்? பேரு போச்சுன்னா பொறகு என்ன இருக்குது?"

"சொல்லாம விட்டா?"

கிட்டுசாமி பதில் சொல்லவில்லை. அவர் பதில் சொல்லாமல் இருந்து ஜுலைகா பார்த்ததில்லை.

"நானும் வர்றேன். வண்டிய எடுங்க" என்றார் ஜுலைகா.

வண்டியில் போகும்போது கிட்டுசாமி பாதி வழி வரைக்கும் வாயை மூடிக்கொண்டுதான் வந்தார். பிறகு தலையைத் திருப்பாமலே மெல்ல ஆரம்பித்தார்.

"அம்மிணி, இப்படிப் பண்ணுனா என்னங்க? விசாரணையில ரெண்டு பக்கமும் தப்பில்லை, மெசின்ல என்னமோ கோளாறுன்னு பொதுவாச் சொல்லிப்போடறேன். ராவோட ராவாப் பெட்டிய எடுத்துடறேன். அந்தப் பிள்ளைக்கும் பாதகமில்லை, எனக்கும் பாதகமில்லை."

பின்னால் ஜுலைகா மிச்சத் துப்பட்டாவை இழுத்துச் செருகிக்கொண்டார்.

"தப்புங்களா?"

"லாரி வருது, ரோட்டைப் பாருங்க" என்றார் ஜுலைகா.

ஆலை ஆபீஸ் அறையில் சென்னியப்பன் உட்கார்ந்திருந்தார். கெட்ட மனிதர் இல்லை. இரண்டு நாளாக ஆஸ்பத்திரிக்கும் ஆலைக்கும் அலைந்து கண் செவசெவவென்று இருந்தது. 'பெல்ட்டை ஏன் உடனே நிறுத்தலை?' என்று மாரப்பனின் சம்சாரம் கேட்டதற்கு என்ன சொல்வதென்று அவருக்குத் தெரியவில்லை. ஒரு பதில் கிடைத்தால் போதும், எந்தப் பதிலானாலும் சரி என்கிற நிலைமைக்கு வந்துவிட்டார். எதிரில் சம்பூர்ணம் நின்றுகொண்டிருந்தார். அவரை யாரும் உட்காரச் சொல்லவில்லை. அழுது முடித்த முகம்.

"வா கிட்டுசாமி. உனக்காகத்தான் காத்துட்டு இருக்கறோம். மொதல்ல இவ சொல்லி முடிக்கட்டும்." சென்னியப்பன் சம்பூர்ணத்தின் பக்கம் திரும்பினார். "கதையெல்லாம் வேண்டாம். ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். லேட்டா அழுத்துனயா, இல்லையா?"

"அழுத்துனேனுங்கய்யா. அவரு கத்துன உடனே அழுத்துனேன். அப்பப் பேரு கேட்டு ஒரு..."

"நான் கேட்டது அதில்லை."

"அய்யா, அதுக்குள்ள அந்தப் பேரு..."

"லேட்டா அழுத்துனயா? ஆமான்னா ஆமான்னு சொல்லு. இல்லைன்னா இல்லைன்னு சொல்லு."

"அய்யா, நான்..."

"ஆமாவா, இல்லையா?"

சம்பூர்ணம் வாயை மூடிக்கொண்டார். போனில் இதே பெண்ணிடம் இதே மாதிரிக் கேட்டவர் கிட்டுசாமிதான். போனில் முகம் தெரியாது. இப்போது தெரிந்தது.

"பாத்தயா? பதிலைக் காணோம்" என்றார் சென்னியப்பன். "கிட்டுசாமி, நீ சொல்லு. உன்ற புரோகிராம் சரியா?"

கிட்டுசாமி ஜுலைகாவைப் பார்த்தார். ஜுலைகா ஜன்னல் வழியாக வெளியே நெல் காய்வதைப் பார்த்துக்கொண்டிருந்தார். சட்டென்று பார்த்தால் இந்த அறைக்கும் அவருக்கும் சம்பந்தமே இல்லை என்று தோன்றும். அட, ஒரு கண்ணசைவு காட்டக் கூடாதா! கிட்டுசாமிக்கு அந்த நேரத்தில் குருவின் மேல் கோபம்கூட வந்தது.

மெசின்ல என்னமோ கோளாறுங்க. அந்த வார்த்தை வாய் வரைக்கும் வந்துவிட்டது.

"சரியில்லீங்க" என்றார்.

"என்ன?"

"என்ற புரோகிராம் சரியில்லீங்க. அவங்க அழுத்தியிருக்காங்க. அது வாங்கலை."

சம்பூர்ணம் அவரை ஏறிட்டுப் பார்த்தார். நம்பின பார்வை இல்லை அது. இதில் என்ன சூது இருக்கிறதோ என்கிற பார்வை.

"என்னய்யா உளர்றே? நேத்துப் போன்ல சத்தியம் பண்ணுனே!"

"நேத்து எனக்குத் தெரியாதுங்க. ஆறு மணி ஆகப்போகுது. மேல வாங்க, கண்ணாலயே பாருங்க."

எல்லோரும் கண்ணாடி அறைக்கு ஏறினார்கள். ஆலை ஓடிக்கொண்டிருந்தது. கீழே குழி வாயில் வேறொரு லோடுமேன் குனிந்து நின்று வைக்கோல் இழுத்துக்கொண்டிருந்தார். கிட்டுசாமி பாய்ந்தார். ஜன்னல் கதவைத் தள்ளித் திறந்து கத்தினார்.

"ஏனப்பா! அங்கிருந்து எட்டிப் போ! ஏய், உன்னைத்தான், தள்ளிப் போன்னா போ!"

அந்த ஆள் திட்டிக்கொண்டே தள்ளிப் போனார். அவர் போன பிறகுதான் கிட்டுசாமி திரும்பினார்.

ஆறு மணி ஆனது. பெட்டி வந்து நின்றது.

"இப்ப அழுத்துங்கம்மா."

சம்பூர்ணம் தயங்கினார். நாற்காலியில் உட்காரவில்லை. நின்றபடியே கையை நீட்டி எஃப் 12-ஐ அழுத்தினார். பெல்ட் ஓடியது. மறுபடி அழுத்தினார். ஓடியது. கை வேகவேகமாக அழுத்த ஆரம்பித்தது. அன்றைக்கு அழுத்தியது போலவே இன்றைக்கும் அழுத்துகிறார் என்று அங்கிருந்த எல்லோருக்கும் விளங்கிவிட்டது. குழியைப் பார்த்துக்கொண்டே அழுத்தினார். அங்கே யாரும் இல்லை, ஆனாலும் கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது.

"தள்ளு, தள்ளு" என்று சென்னியப்பன் அவர் கையை விலக்கிவிட்டுத் தன் கட்டை விரலால் அழுத்தினார். தட்டினார். குத்தினார். பெட்டி பெயர் கேட்டுக்கொண்டு நின்றது. பெல்ட் ஓடிக்கொண்டே இருந்தது.

கிட்டுசாமி கதவுக்கு வெளியே படிக்கட்டுச் சுவரில் இருந்த மோட்டார் மெயின் சுவிட்சை இறக்கினார். ஆலை முழுவதும் அடங்கியது.

"இதையா இந்தப் பிள்ளை ரெண்டு நாளாச் சொல்லிட்டு இருந்துச்சு?" என்று கேட்டார் சென்னியப்பன்.

அவர் சம்பூர்ணத்தைப் பார்க்கத் திராணி இல்லாமல் கிட்டுசாமியைப் பார்த்தார். முகம் கொதித்தது.

"மாரப்பன் சம்சாரத்துகிட்ட வந்து நீ சொல்லு. நான் சொல்ல மாட்டேன். என்ற வாயால சொல்ல முடியாது."

"சொல்றேனுங்க."

"இதைச் சரி பண்ணிக் குடுத்துட்டுக் கிளம்பு. அதுக்கப்பறம் இந்த கேட்டுக்குள்ள உன்ற காலு படக் கூடாது."

"சரிங்க."

சென்னியப்பன் கதவு வரைக்கும் போனார். அங்கேயே நின்றார். "புகார்ல உன்ற பேரு வராதும்மா. நாளைக்கு வேலைக்கு வா" என்று கதவைப் பார்த்துச் சொல்லிவிட்டு இறங்கிப் போனார். மன்னிப்பு கின்னிப்பு எல்லாம் அவருக்குப் பழக்கம் இல்லை.

கிட்டுசாமி கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார். புரோகிராமைத் திறந்தார். பெயர் கேட்கும் பெட்டியை எடுத்தார். அந்தக் கேள்வியைத் திரையின் ஓரத்தில் ஒரு பட்டையில் போட்டார். போட்டாலும் சரி, போடாவிட்டாலும் சரி, அது யாருக்கும் குறுக்கே நிற்காது. எஃப் 12-ஐ எல்லாவற்றுக்கும் முன்னால் கொண்டுவந்து வைத்தார். எந்தப் பெட்டி திறந்திருந்தாலும், யார் எதைக் கேட்டுக்கொண்டிருந்தாலும், முதலில் அது காதில் விழ வேண்டும். அப்படி எழுதினார். பிறகு வேறு பெட்டிகளையும் தேடினார். தேடத் தேட வந்துகொண்டே இருந்தன. 'நிச்சயமாகவா?' என்று ஒன்று. 'சேமிக்கவா?' என்று ஒன்று. 'நல்வரவு' என்றுகூட ஒன்று. இவ்வளவும் தான்தான் எழுதினோமா என்று அவருக்கே கூச்சமாக இருந்தது.

ஜுலைகா பின்னால் நின்றார். ஒரு கீயையும் தொடவில்லை.

மெயின் சுவிட்சை ஏற்றி, ஆலையை ஓட்டி, வேண்டுமென்றே ஒரு பெட்டியைத் திறந்து வைத்துவிட்டு எஃப் 12-ஐத் தட்டினார். நின்றது. ஒரு பெட்டிக்கு மேல் இன்னொரு பெட்டியைத் திறந்து வைத்துத் தட்டினார். நின்றது.

"அம்மிணி, இப்பச் சரியா இருக்குதுங்களா?"

"என்னை எதுக்குங்ணா கேக்கறீங்க? நாளைக்கு இங்க உக்காரப் போறது நானா?"

கிட்டுசாமி நாற்காலியைத் திருப்பினார். சம்பூர்ணம் சுவரோரமாக நின்றுகொண்டிருந்தார். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, திரையையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஏனுங்கம்மா, இப்பச் சரியா இருக்குதுங்களா? ஓரத்துல பேரு கேக்கறது தொந்தரவா இருக்குதா? இல்ல, எஃப் 12 தூரமா இருக்குதா? பக்கத்துல வேற ஏதாச்சும் கீ வெச்சுத் தரட்டுங்களா, ஸ்பேஸ் பார் மாதிரி, அதுன்னா கைக்கு லேசா..."

சம்பூர்ணம் வாயைத் திறந்தார். மூடிக்கொண்டார்.

"கேட்டாச்சில்லீங்ணா?" என்றார் ஜுலைகா. "இனிப் பேசாம இருங்க."